புல்லும் புள்ளும்: லைன் வீட்டுப் பிள்ளைகளோடு ஆறு மாதம்

தை மாதக் கடைசியில் ஒரு நாள், என் மாலை வகுப்புக்கு வரும் இரண்டாம் வகுப்புச் சிறுமி, தன் நோட்டில் "குருவிக்கு அலகு அதிகம்" என்று எழுதிக்கொண்டு வந்து நின்றாள். மூக்கு நீண்ட குருவி எதையோ பார்த்திருக்கிறாள் போலும் என்று ஒரு நொடி நானும் மயங்கிப்போனேன். அவள் சொல்ல வந்தது அழகு. லகரத்தை அடித்து ழகரம் எழுதிக் கொடுத்தபோது, "ரெண்டும் ஒண்ணுதானுங்க மிஸ்" என்றாள். அடம் பிடிக்கவில்லை, அவள் காதுக்கு இரண்டும் உண்மையிலேயே ஒன்றாகத்தான் கேட்கின்றன. காதில் பிரியாத ஒலியைக் கையில் பிரித்து எழுது என்று ஒன்றரை வருடமாக நான் சிவப்பு மையைச் செலவழித்துக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

நாங்கள் இருப்பது திருப்பூரில், ஒரே காம்பவுண்டுக்குள் எதிரும் புதிருமாக நிற்கும் ஓட்டு லைன் வீடுகளில். வகுப்புக்கு வரும் பிள்ளைகள் பதினான்கு பேர். எட்டு வீட்டில் தமிழ், இரண்டில் தெலுங்கு, இரண்டில் கன்னடம், ஒன்றில் ஒடியா, ஒன்றில் இந்தி. பெற்றோர் பெரும்பாலும் பனியன் கம்பெனியில் செக்கிங்கோ ஓவர்லாக்கோ பார்த்துவிட்டு இரவு எட்டுக்கு மேல்தான் திரும்புவார்கள் என்பதால், ஐந்தரையிலிருந்து ஏழரை வரை பிள்ளைகள் என் வாசலில் இருப்பார்கள். அந்த வாசலுக்கு நேர்மேலே, மீட்டர் பெட்டிக்குப் பின்னால் இருந்த சந்தில், ஒரு சிட்டுக்குருவி இணை கூடு வைத்திருந்தது. பிள்ளைகளின் கண் நோட்டில் நின்றதைவிட அங்கே நின்றதுதான் அதிகம். அதட்டி அதட்டி அலுத்துப்போன பிறகு, அவர்கள் பார்க்கிற பக்கமே நானும் திரும்பிவிடுவது என்று முடிவு செய்தேன்.

மின்வாரிய ஊழியர் மீட்டரைத் திறக்கும்போதெல்லாம் கூடு கலைந்தது. ஆகையால் முதல் வேலை, எறவாரத்தில், அதாவது கூரை விளிம்புக்கு அடியில், ஒரு பெட்டி அடிப்பதாக இருந்தது. கம்பெனிக் கழிவில் கிடைத்த பேக்கிங் பலகையை, அடிப்பக்கம் ஆறு அங்குலச் சதுரமும் உயரம் எட்டு அங்குலமும் வரும்படி அறுத்து, மேற்பலகையை மழைநீர் வழிய முன்பக்கம் சற்றுச் சாய்த்து, அடிப்பலகையில் ஈரம் வடிய நான்கு சிறு துளைகளும் போட்டேன். அடிப்பலகையை ஆணி அடிக்காமல் ஸ்க்ரூ போட்டு முடுக்கியது மட்டும் பின்னால் பெரிய உதவியாயிற்று. அதைக் கடைசியில் சொல்கிறேன். வாசல் துளையில்தான் தவறினேன். பக்கத்துக் கடையில் இரவல் வாங்கிய ட்ரில் மெஷினில் 50 மி.மீ. ஹோல் சா மாட்டியிருந்தது; அதனாலேயே போட்டுவிட்டேன். நான்காம் நாள் மைனா ஒன்று உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, வந்த குருவிகளை எல்லாம் விரட்டியது. சிட்டுக்குருவி நுழையவும் மைனா நுழைய முடியாமலும் இருக்க வேண்டுமானால் துளை 32 மி.மீ. அளவுதான் இருக்க வேண்டும். ஒரு பிளைவுட் துண்டில் அந்த அளவில் துளையிட்டுப் பழைய துளையின் மேல் வைத்துப் பொருத்தி, மேற்கு வெயில் படாத பக்கமாகப் பத்தடி உயரத்தில் பெட்டியை மீண்டும் தொங்கவிட்டேன். உட்காரக் குச்சி எதுவும் வைக்கவில்லை. குருவிக்கு அது தேவையில்லை. காக்கைக்கும் பூனைக்கும்தான் அது பிடிமானம்.

பெட்டியில் குருவி குடிவர ஐந்து வாரம் ஆனது. அதற்குள் பாடத்தைத் தொடங்கிவிட்டோம்.

நான் எனக்கு வைத்துக்கொண்ட விதி ஒன்றுதான். இரண்டு ஒலிகளைப் பிரித்துக் காட்ட வேண்டுமானால், அவை வேறுபடுத்தும் இரண்டு சொற்களும் பிள்ளையின் கண்ணெதிரே இரண்டு பொருள்களாக இருக்க வேண்டும். எழுத்து அதற்குப் பிறகுதான் வர வேண்டும். பாடப்புத்தக உதாரணங்களில் ஒரு சொல் தெரிந்ததாகவும் அடுத்தது தெரியாததாகவும் இருப்பதால், பிள்ளைகள் தெரிந்ததைச் சொல்லிவிட்டு அடுத்ததை மனப்பாடம் செய்கிறார்கள். கூட்டைச் சுற்றிப் பார்த்தபோது, இந்தச் சிக்கலுக்கு வேண்டிய சொற்கள் எல்லாம் அங்கேயே கிடந்தன. முதலில் எடுத்தது புல்லும் புள்ளும். புள் என்றால் பறவை. வாசலின் ஒரு மூலையில் ஒரு கைப்பிடி அறுகம்புல்லை வைத்தேன். எதிர் மூலையில் பெட்டி தொங்கியது. நான் சொல்லும் சொல்லைக் கேட்டு அந்த மூலைக்கு ஓட வேண்டும். என் வாயைப் பார்த்து ஊகிக்கக் கூடாது என்பதற்காக ஒரு முறத்தை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டேன். முதல் வாரம் பாதிப் பேர் நடுவாசலில் முட்டிக்கொண்டார்கள்.

இதில் நான் எதிர்பாராதது ஒன்று நடந்தது. ஒடியா பேசும் வீட்டுப் பையன் இரண்டாம் நாளே ஒருமுறைகூடத் தவறாமல் ஓடினான். அவன் மொழியில் லகரமும் ளகரமும் தனித்தனி ஒலிகளாக இருக்கின்றன. தமிழ் வீட்டுப் பிள்ளைகள் சிலருக்கு இல்லாத கூர்மை அவன் காதுக்கு வீட்டிலேயே கிடைத்துவிட்டது. தெலுங்கு, கன்னட வீட்டுப் பிள்ளைகளுக்கும் ளகரம் பழக்கம்தான். இந்தி வீட்டுச் சிறுமிக்கு மட்டும் அது புதிது. ழகரம் என்று வந்தபோது எல்லாரும் ஒரே படகில் ஏறிக்கொண்டார்கள்.

ழகரத்துக்குக் கைகொடுத்தது நாட்டுச் சர்க்கரை. அதைச் சிறிது தண்ணீர் விட்டுக் கெட்டிப் பாகாகக் காய்ச்சி, பிள்ளைகளைக் கை கழுவச் சொல்லி, ஒவ்வொருவருக்கும் சிறு ஸ்பூனில் கொடுத்தேன். தம் சுண்டுவிரலால் மேல்பல்லுக்குப் பின்னால், ஈறு தொடங்கும் இடத்தில் ஒரு பொட்டு வைத்துக்கொண்டு "வால்" என்று சொல்ல வேண்டும். நாக்கு நுனி இனித்தால் லகரம் சரி. பிறகு அதைவிட உள்ளே, அண்ணத்தின் மேட்டில் ஒரு பொட்டு. நாக்கை மடித்து "வாள்" என்று சொல்லும்போது நுனிநாவின் அடிப்புறத்தில் பாகு ஒட்ட வேண்டும். மூன்றாவது முறை அதே உள்பொட்டு; நாக்கும் அதே மடிப்பு; ஆனால் "வாழ்" என்னும்போது இனிக்கவே கூடாது. நாக்கு அண்ணத்துக்கு அருகே போய்த் தொடாமல் நின்றுவிட வேண்டும். தொல்காப்பியம் ழகரத்துக்கு நுனிநா அண்ணத்தை வருடும் என்று சொல்கிறது. எங்கள் பாகுச் சோதனையில் அந்த வருடல்கூடப் படாமல் நிறுத்தினால்தான் பிள்ளைகளுக்கு ஒலி தெளிவாக வந்தது. இனிப்பைத் தொடாமல் வருவதுதான் ழகரம் என்றானதும், தொட்டுத் தின்றுவிட்டு "வாள்" என்று சொல்லிச் சிரிக்கும் கூட்டம் ஒன்று தனியாக உருவானது. அதுவும் பயிற்சிதான் என்று விட்டுவிட்டேன். தெரிந்தே தவறாகச் சொல்கிறவனுக்குச் சரியானதும் தெரிந்திருக்கிறது அல்லவா.

பிறகுதான் அலகு, அழகு என்ற பழைய கணக்கைத் தீர்க்க வந்தேன். அந்த இரண்டுக்கும் நடுவே அளகு என்று ஒரு சொல் இருப்பது நினைவுக்கு வந்தது. தொல்காப்பிய மரபியல் அதைக் கோழி, கூகை ஆகியவற்றின் பெண்ணுக்கு உரிய பெயராகச் சொல்லி, மயிலுக்கும் இடம் தருகிறது. குருவிக்கு அது வராது. காம்பவுண்டுப் பொடக்காலியில், அதாவது புழக்கடையில், மேயும் நாட்டுக்கோழி ஒன்று அந்தக் குறையைத் தீர்த்தது. அளகுக்கு அழகான அலகு என்று ஒருவன் கட்டிவிட்ட வரியை இன்றைக்கும் அந்தக் கோழியைத் துரத்திக்கொண்டே சொல்கிறார்கள். அதே மரபியலில், மயில் நீங்கலாகச் சிறகுள்ள பறவைகளின் ஆண் எல்லாம் சேவல்தான். கழுத்தடியில் கறுப்புத் திட்டு உள்ள ஆண் குருவியைச் சேவல் என்று சொன்னபோது பிள்ளைகள் நம்பவில்லை. விடியற்காலையில் அது கூவுமா என்று கேட்டார்கள்.

ஒலியை உரித்து எடுக்கும் விளையாட்டு இதைவிட எளிதாக வந்தது. பெட்டிக்குக் கீழே உதிர்ந்து கிடந்ததை இறகு என்றும், பறவையின் உடம்போடு இருப்பதைச் சிறகு என்றும் எங்களுக்குள் வைத்துக்கொண்டோம். சிறகின் முதல் ஒலியைப் பிடுங்கினால் கையில் மிஞ்சுவது இறகு. வாலின் முதல் ஒலியைப் பிடுங்கினால் ஆல். அடுத்து கூடு என்றேன். சற்று நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு கடைசியில் உட்கார்ந்திருந்த சிறுவன் ஒருவன் தயங்கித் தயங்கி "ஊடு" என்றான். எங்கள் பக்கத்தில் வீட்டை ஊடு என்றுதான் சொல்கிறோம். பள்ளிக்கூடத்தில் அப்படிச் சொன்னால் திருத்துவார்கள் என்பதால்தான் அத்தனை தயக்கம். கூட்டிலிருந்து ஊட்டை எடுத்துக் காட்டிய அவனுக்கு அன்றைக்குச் சர்க்கரைப் பாகு இரண்டு ஸ்பூன்.

பங்குனியில் வேப்பமரத்தில் காக்கை கூடு கட்டத் தொடங்கியது. சுள்ளிகளோடு, மராமத்து நடந்த வீட்டிலிருந்து பொறுக்கிய கட்டுக்கம்பித் துண்டுகளையும் செருகி வைத்தது. தமிழ் எழுத்துமுறையில் பிள்ளைகளையும் வெளிமொழிக்காரர்களையும் குழப்பும் ஒரு விஷயத்துக்குக் காக்கையைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. காகம் என்ற சொல்லில் ககரம் இரண்டு இடத்தில் வருகிறது. எழுத்து ஒன்று, ஒலி வேறு. பிள்ளைகளைத் தொண்டையில் விரல் வைத்துக்கொண்டு "காகம்" என்று சொல்லச் சொன்னேன். நடு ககரத்திலும் அதிர்வு அறாமல் ஓடியது. "காக்கை" என்று சொன்னபோது நடுவில் அதிர்வு டக்கென்று நின்று மீண்டும் வந்தது. கூடு, கூட்டில் என்ற இரண்டையும் இதே முறையில் தொட்டுப் பார்த்தோம். வேற்றுமை உருபு சேரும்போது ஏன் அந்த டகரம் இரட்டிக்கிறது என்று நான் விளக்கவில்லை. தொண்டை அடங்குவதை அவர்களே உணர்ந்தபின், "கூடில்" என்று எழுதும் பழக்கம் பெரும்பாலும் தானாக நின்றது.

காக்கைக் கூட்டைத் தேடிக் குயில் வந்தது. குறில், நெடில் பாடத்துக்கு அதன் குரல் போதும். குறுகத் தொடங்கி நீண்டு உயரும் அந்தக் கூவலில் இரண்டும் அடங்கிவிடுகின்றன. மாத்திரையைத் தமிழ் இலக்கணம் கண் இமைக்கும் அல்லது கை நொடிக்கும் நேரம் என்று அளக்கிறது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. வடமொழி ஒலிநூலான பாணினீய சிக்ஷையோ இதற்கு உயிர்களின் குரலையே அளவாக வைக்கிறது: பனங்காடைக்கு ஒரு மாத்திரை, காக்கைக்கு இரண்டு, மயிலுக்கு மூன்று, கீரிக்கு அரை. விரல் நொடித்துக்கொண்டே முட்டை, மூட்டை என்று சொல்லிப் பார்த்தோம். காக்கையின் முட்டைக்கு நடுவே குயில் தன் முட்டையை வைத்துவிட்டுப் போகும் செய்தியைச் சொன்னபோது, கூலி கொடுக்காமல் வேலை வாங்குகிறது என்று ஒரு சிறுமி கோபப்பட்டாள். அவள் அப்பா கம்பெனி மாறிய காரணம் எனக்குத் தெரியும் என்பதால் மறுத்துப் பேசவில்லை.

காகம் கரையும், குயில் கூவும், புறா குனுகும், கூகை குழறும் என்ற மரபுச் சொற்களை இவர்கள் முன்பே ஒப்பிப்பார்கள். எதிர்க் கட்டிடத்தின் ஏசி பெட்டிமேல் அடைகாக்கும் புறாவின் அடியில் ஐந்து நிமிடம் பேசாமல் நின்ற பிறகுதான், குனுகும் என்ற சொல்லே அந்தச் சத்தத்தை வாயில் வைத்திருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்தது.

இனி நான் செய்த பெரும் பிழையைச் சொல்ல வேண்டும். பக்கத்துக் காம்பவுண்டில் ஒரு தேக்கங்கன்றின் இரண்டு இலைகளைச் சேர்த்துத் தையல்சிட்டு கூடு தைத்திருந்தது. இலை, இழை என்ற இணைக்கு இதைவிட நேரான காட்சி வேறில்லை. இலையின் ஓரத்தை அலகால் குத்தி, பஞ்சிழையையும் சிலந்தி நூலையும் துளை வழியே இழுத்துவிட்டிருந்தது. இது சிங்கர் தையலா, ஓவர்லாக்கா என்று பிள்ளைகள் வாதிட்டார்கள். செக்கிங்கில் இருக்கும் ஒரு தாய் வந்து பார்த்துவிட்டு, ஓடுதையலே இல்லை, ஒவ்வொரு துளையும் தனித்தனி என்று தீர்ப்புச் சொன்னார். அவர் சொன்னது சரி; துளைக்கு வெளியே இழையின் நுனி பிசிறிப் பரந்து நிற்பதால்தான் அது கழன்று வராமல் பிடிக்கிறது. இந்த உற்சாகத்தில், குருவிகளுக்கும் இழை கொடுப்போம் என்று பிள்ளைகள் கேட்க, நானும் யோசிக்காமல் கட்டிங் வேஸ்ட்டையும் கோன் நூல் மிச்சத்தையும் கொடிக்கம்பியில் தொங்கவிட்டேன். ஒரு வாரம் எல்லாம் அருமையாக இருந்தது. எட்டாம் நாள் மாலை, பெண் குருவி பெட்டி வாசலிலிருந்து தலைகீழாகத் தொங்கிக்கொண்டு சிறகடித்துக்கொண்டிருந்தது. பாலியஸ்டர் நூல் ஒன்று காலில் மூன்று சுற்றுச் சுற்றி இறுகியிருந்தது. ஏணி வைத்து ஏறி, இடது கையில் துணியோடு அதைப் பொத்திப் பிடித்து, நகவெட்டியால் இழையைத் துண்டு துண்டாக அறுத்து எடுக்கப் பத்து நிமிடம் ஆனது. கால் கன்றியிருந்தது, பறந்துபோய் இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு காலைச் சற்று மடக்கியபடி திரும்பி வந்தது. பஞ்சு இழை இழுத்தால் அறும், பாலியஸ்டர் அறாது. பனியன் ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாததில்லை. இதைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் எந்த நூலும் வைக்க வேண்டாம். விரல் நீளத் தேங்காய் நாரும் காய்ந்த புல்லும் போதும்.

அன்று இரவு பிள்ளைகள் எழுதியவற்றில் சிக்கியது, சுற்றியது, இறுகியது, கன்றியது, அறுத்தார் என்ற வினைச்சொற்கள் ஒன்றுகூடத் தவறாமல் வந்திருந்தன. அதைக் கண்டு மகிழ எனக்கு மனம் வரவில்லை.

குருவியின் பெயரை வீட்டில் என்னவென்று சொல்வீர்கள் என்று கேட்டு ஒரு அட்டையில் எழுதி வைத்தோம். தெலுங்கில் பிச்சுக, கன்னடத்தில் குப்பச்சி, இந்தியில் கௌரையா, ஒடியாவில் கரசட்டியா. கடைசி மூன்றையும் நான் ககரத்தில் எழுதியதும் மூன்று வீட்டுப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் மறுத்தார்கள். சொல்லிக் காட்டச் சொன்னேன். "காகத்தில் இருக்கிற ரெண்டாவது க மிஸ்" என்றாள் கன்னட வீட்டுச் சிறுமி. தொண்டையில் விரல் வைத்துப் பார்த்துத்தான் சொன்னாள். ஒடியாக்காரன் பெயரில் முதலில் வரும் ஒலி அதோடு மூச்சும் சேர்ந்தது. அதற்குத் தமிழில் எழுத்து இல்லை என்று ஒப்புக்கொண்டேன். கர என்றால் அவன் மொழியில் வீடு. குறுந்தொகையும் இதே குருவியை மனை உறை குரீஇ என்கிறது என்று சொல்லி, அந்த ஈகாரத்தை நீட்டிக் காட்டினேன். அன்று முழுக்கக் காம்பவுண்டில் குரீஇ குரீஇ என்ற சத்தம்தான்.

ஆறு மாதத்துக்குப் பிறகும் படியாதது ரகர, றகர வேறுபாடு. இரை, இறை என்று ஒரு நல்ல இணை கூட்டிலேயே இருக்கிறது. இறை என்பது நாங்கள் எறவாரம் என்று சொல்லும் இடம். பொருள் தெரிந்து எழுதிவிடுகிறார்கள். முறத்துக்குப் பின்னாலிருந்து நான் சொன்னால் ஓடத் தெரியவில்லை. குறை அவர்களிடம் இல்லை; என் வாயிலேயே இரண்டும் சரியாகப் பிரிவதில்லை. கடைசி வீட்டுப் பெரியவர் காங்கயம் பக்கத்துக்காரர். அவர் பறவை என்று சொன்னால் றகரம் உருண்டு வரும். அவரிடம் போய், "அப்பாரு, சாயங்காலம் ஒரு பத்து நிமிசம் வந்து கூரை, கூறைன்னு மாத்தி மாத்திச் சொல்றீங்களா" என்று கேட்டேன். குருவிக்கா பிள்ளைகளுக்கா என்றார். இப்போது செவ்வாய்தோறும் வருகிறார். கூரை என்றால் மேலே கை காட்ட வேண்டும். கூறை என்றால், அவர் பேத்தியின் கல்யாணக் கூறைச்சேலைப் படம் ஒட்டிய சுவரைக் காட்ட வேண்டும். மூன்று வாரத்தில் நான்கு பேர் தேறியிருக்கிறார்கள்; நானும் முறத்துக்கு இந்தப் பக்கம் நின்று கை காட்டிப் பழகுகிறேன்.

பெட்டியில் முதல் ஈட்டுக் குஞ்சுகள் முட்டையிலிருந்து வந்து இரண்டு வாரத்தில் பறந்துபோயின. வாயோரத்து மஞ்சள் மறையாத நிலையிலேயே கொடிக்கம்பியில் உட்கார்ந்து தாயிடம் இரை கேட்டன. எல்லாம் போய்ப் பெட்டி காலியான பிறகு, ஸ்க்ரூவைக் கழற்றி அடிப்பலகையை இறக்கி, பழைய கூட்டை ஒரு செய்தித்தாளில் கொட்டினோம். பூச்சி இருக்கும் என்பதால் அரை நாள் வெயிலில் போட்ட பிறகே பிள்ளைகளைத் தொடவிட்டேன். புல், இறகு, பஞ்சு, சீமாற்றுக் குச்சி, பாலித்தீன் கிழிசல், பழைய கோன் நூலில் ஒரு சாண் என்று கூறு கட்டி வைத்துக் கூறு ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதினார்கள். பழுப்பு நிறத்தில் இருந்த கூறுக்கு ஒருத்தி நார் என்று எழுத, பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்த சிறுவன் அது மஞ்சி என்று சீட்டைப் பிடுங்கினான். அவன் அப்புச்சி தென்னந்தோப்பில் அதைத்தான் மூட்டை கட்டுகிறாராம். அந்தக் கூறில் இரண்டு சீட்டு இருக்கிறது.